செம்மண் சரிவில் நல்லமிளகு

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் புதிதாகக் கொடித்தோட்டம் போட நினைப்பவர் பெரும்பாலும் நாற்றைத் தேடித்தான் முதலில் புறப்படுகிறார். எந்த இரகம் அதிகம் காய்க்கும், எந்த நாற்றங்காலில் நாற்று நன்றாக இருக்கும் என்றெல்லாம் விசாரிக்கும் அவர், அந்தக் கொடி இருபது ஆண்டுகளுக்கு மேல் வேரூன்றி நிற்கப்போகும் மண்ணை ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டிப் பார்ப்பது அரிது. திராட்சை பயிரிடுவதில் நெடுங்காலப் பழக்கமுள்ள நாடுகளில் வேலையின் வரிசை இதற்கு நேர்மாறானது. அங்கே மண்ணின் ஆழம், சரிவின் போக்கு, வெயில் விழும் திசை, நீர் வடியும் வேகம் ஆகியவற்றை முடிவு செய்த பிறகே கொடியைப் பற்றிய பேச்சு எழும். அந்த வரிசையை நல்லமிளகுக்கும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதும், ஆண்டில் இருமுறை பருவமழை பெறும் இந்த எல்லைக் கிராமங்களில் அதைக் கைவிட்டால் தோட்டம் நிலைக்காது என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

கொடித்தோட்டம் என்றதும் திராட்சையே நினைவுக்கு வருவதால், அது ஏன் இங்கே பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பெயர்பெற்ற கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிறது. மலையின் மேற்கே பெய்யும் மழையின் பெரும்பகுதி அங்கே எட்டுவதில்லை, ஆனால் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை அந்த மழைநீரைச் சுரங்கம் வழியாக அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. வானம் உலர்ந்தும் நிலம் நனைந்தும் இருக்கும் அந்த அரிய நிலைதான், 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வழியாகத் தமிழகத்துக்கு வந்ததாகக் கூறப்படும் பன்னீர் திராட்சைக்கு அங்கே நிலையான வீட்டை அமைத்துக் கொடுத்தது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாறசாலையிலோ கோடைமழை, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழை என்று ஏப்ரல் முதல் நவம்பர் வரை இலை ஈரமாகவே இருக்கும் வாரங்கள் பல. ஈர இலையில் அடிச்சாம்பல் நோய் பரவும், பூக்கும் பருவத்து மழையில் காய்ப்பிடிப்பு கெடும், பழுக்கும் பருவத்து மழையில் பழம் வெடிக்கும். வீட்டு மாடியிலோ முற்றத்திலோ ஒரு கொடியை ஆசைக்குப் படரவிடுவதில் தவறில்லை என்றாலும், ஒரு குடும்பத்தின் வருமானத்தை அதன்மேல் ஏற்றக் கூடாது.

மழையில் நனைந்தால்தான் பூக்கும் கொடி ஒன்று இந்த மலைத்தொடரிலேயே தோன்றி வளர்ந்து வந்திருக்கிறது. நல்லமிளகு எனவும் குருமிளகு எனவும் வழங்கும் அக்கொடி, கோடையின் வறட்சிக்குப் பின் வரும் முதல் நல்ல மழையில் தளிர்விட்டு, அத்தளிரோடு சேர்ந்து பூச்சரத்தை இறக்குகிறது. அந்தச் சரத்தில் மேலிருந்து கீழாக வழியும் மழைத்துளியும் பனித்துளியுமே மகரந்தம் பரவப் பெரிதும் உதவுகின்றன. ஆகவே திராட்சைக்குப் பகையான அதே மழை மிளகுக்கு மகப்பேறு. ஆனால் மழை வேண்டும் என்பதற்கும் நீர் தேங்கலாம் என்பதற்கும் நெடுந்தூரம் உண்டு. மிளகின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே பரவுகின்றன; அங்கே காற்றோட்டம் நின்று நீர் நின்றால், சில நாட்களிலேயே வேர் அழுகத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் மண்ணைப் பற்றிய அறிவு தேவைப்படுகிறது. கேரளத்தின் இடைநிலத்தில் பெரும்பகுதி வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல்லால் ஆனது. பாறை பல்லாயிரம் ஆண்டு மழையில் சிதைந்து, அதிலிருந்த சிலிக்காவும் சுண்ணாம்பும் பொட்டாசியமும் கரைந்தோடிய பிறகு, இரும்பும் அலுமினியமும் மட்டும் துருவாக எஞ்சி இறுகியதே அந்தக் கல். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துப் பயணி மலபாரின் அங்காடிப்புறத்தில் மக்கள் இதைக் கல்லாக வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்து, 1807-இல் வெளிவந்த தமது நூலில் விவரித்த பிறகே உலக மண்ணியலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் மேடுகளிலும் வெட்டுக்கல் உண்டு. ஆனால் இந்தப் பகுதிக்கே உரிய சிறப்பு வேறொன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், வெட்டுக்கல் குன்றுகளின் அடிவாரத்தை ஒட்டி, ஆழமான, பொலபொலப்பான, பரல்கல் அதிகமில்லாத செந்நிறக் களிக்கலப்பு மண் காணப்படுகிறது. கேரளத்தில் இத்தகைய செம்மண் இந்தத் தென்மூலையில்தான் முதன்மையாக இருக்கிறது. 1955-இல் தொடங்கப்பட்ட வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் நிலமும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரே புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தில், மேல்பாதி வெட்டுக்கல்லாகவும் கீழ்ப்பாதி ஆழமான செம்மண்ணாகவும் இருப்பது இங்கே அரிதன்று. ஆகவே அயல்வீட்டில் செழித்த கொடியைப் பார்த்து நடுவதும் சில வேளை ஏமாற்றமாகிவிடும். கேரளத்தின் 82 மண் தொடர்களின் வெட்டுமுகங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் திருவனந்தபுரம் பாறோட்டுகோணத்து மண் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்து வரும் விவசாயிக்குத் தம் காலடியில் எது கிடக்கிறது என்பது விளங்கும்.

இரண்டு மண்ணிலும் பொதுவாக உள்ள குறை, அமிலத்தன்மை. செம்மண்ணில் கார அமில நிலை பெரும்பாலும் 5-க்கும் 6-க்கும் இடையிலும், சில இடங்களில் 5-க்குக் கீழும் இருக்கும். மிளகு ஓரளவு அமிலத்தைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அமிலம் மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குவதோடு, இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிப் பிடித்துக்கொண்டு கொடிக்குக் கொடுக்க மறுக்கின்றன. இதற்கு இரண்டு வழிகள் இங்கே கைவசம் உள்ளன. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன், கோடைமழையில் மண் நனைந்த நிலையில், சுண்ணாம்போ மக்னீசியமும் சேர்ந்த டோலமைட்டோ இட்டு மண்ணோடு கலப்பது ஒன்று. விரைவில் கரையும் உரத்துக்குப் பதிலாக, அமில மண்ணிலேயே மெல்லக் கரையும் ராஜ்ஃபாஸ் போன்ற பாறைப் பாஸ்பேட்டைக் குழியில் இடுவது மற்றொன்று. கேரளம் முழுவதும் 2010-களின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட மண் ஆய்வில், மக்னீசியமும் போரானும் பரவலாகக் குறைந்தும், மணிச்சத்து பல இடங்களில் தேவைக்கு மேல் சேர்ந்தும் இருப்பது தெரிய வந்தது. காரணம் எளிது: பார்த்துப் பழகிய கலப்பு உரத்தை மண் கேட்காமலேயே ஆண்டுதோறும் இட்டு வந்ததுதான். ஆகவே மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் வாங்குவது பணத்தை மட்டும் வீணாக்குவதோடு நிற்பதில்லை. மிளகுக்கு மிகவும் வேண்டியது சாம்பல்சத்து. வளர்ந்த கொடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 50 கிராம், மணிச்சத்து 50 கிராம், சாம்பல்சத்து 150 கிராம் என்ற பொதுப் பரிந்துரையிலேயே அந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது.

சரிவைத் தேர்வதில் திராட்சையும் மிளகும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. குளிர் மிகுந்த ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில், கிடைக்கும் வெயிலையெல்லாம் வாங்கிக்கொள்ளும் தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளுக்கே மதிப்பு. நெய்யாற்றங்கரையிலோ பிற்பகல் வெயில் நேராகத் தாக்கும் மேற்கு, தெற்குச் சரிவுகளில் இளங்கொடி கருகும் என்பதால், வடக்கும் வடகிழக்கும் நோக்கிய சரிவுகளின் கீழ்ப்பாதியே விரும்பத்தக்கது. வேறு வழியில்லாமல் மேற்குச் சரிவில் நட நேர்ந்தால், முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தென்னை ஓலையாலோ பச்சைக் கிளைகளாலோ நிழல் கட்டித் தர வேண்டியிருக்கும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர் என்றால், தெற்கே வர வர அது குறைந்துகொண்டே போய், பாறசாலைப் பகுதியில் அந்தச் சராசரியைவிட மிகக் குறைவாகவே பெய்கிறது. மிளகுக்கு ஏற்றதெனச் சொல்லப்படும் 2,000 மில்லிமீட்டரை எட்டாத ஆண்டுகளும் இருப்பதால், பெய்யும் நீரை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்குவதும், இறங்கிய நீர் வேரடியில் தேங்காமல் பார்ப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகளாக அமைந்துவிடுகின்றன.

இதற்குச் சரிவின் குறுக்கே, சமமட்டத்தில், சிறு வரப்பும் அதை ஒட்டிய வாய்க்காலுமாக வெட்டி, வாய்க்காலின் உள்ளே தேங்காய் மட்டைகளைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் மூடுவது இப்பகுதித் தென்னந்தோப்புகளில் பழகிய முறை. அதுவே மிளகுக்கும் உதவும். ஆனால் அளவு மீறிய நீரிறக்கமும் ஆபத்தே. நெய்யாற்றின் தலைமாட்டிலுள்ள அம்பூரியில் 2001 நவம்பரில் நிகழ்ந்த நிலச்சரிவு, செங்குத்தான மலைச்சரிவில் நீரின் இயல்பான வடிகாலை மறித்தால் என்ன நேரும் என்பதை உயிரிழப்போடு உணர்த்தியது. எனவே மலையடிவாரக் கிராமங்களில் மேட்டிலிருந்து இறங்கும் இயற்கை ஓடைகளை எந்தக் காரணம் கொண்டும் தோட்டத்துக்காக அடைக்கக் கூடாது.

குழியே ஒரு சோதனைக்களம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் அரை மீட்டராக எடுத்த குழியில் குடம் குடமாக நீர் ஊற்றி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று கவனித்தால் அடியிலுள்ள மண்ணின் குணம் வெளிப்பட்டுவிடும். ஆழமான செம்மண்ணில் நீர் விரைவாக இறங்கும். வெட்டுக்கல் அடுக்கின் மேல் மண் மெல்லிய போர்வையாக இருக்கும் இடத்தில் மறுநாள் காலையிலும் குழி ஈரம் கசிந்துகொண்டிருக்கும். அத்தகைய இடத்தில் கடப்பாரையால் அடிக்கல்லை உடைத்து வடிகால் தேடுவதைவிட, மேல்மண்ணைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் நடுவதே எளிது, செலவும் குறைவு. எடுத்த மண்ணில் மேலடுக்கைத் தனியே வைத்து, அதனோடு நன்கு மக்கிய சாணம், வேப்பம்புண்ணாக்கு, பாறைப் பாஸ்பேட் ஆகியவற்றைக் கலந்து குழியை மூடுவது வழக்கம். செம்மண்ணில் இயல்பிலேயே மக்குச்சத்து குறைவு. அதன் வளமெல்லாம் மேலேயுள்ள அந்த ஒரு சாண் மண்ணில்தான் இருக்கிறது. நிலம் நிரவவும் பள்ளம் தூர்க்கவும் செம்மண்ணை லாரி லாரியாக வாரிக்கொடுத்த புரையிடங்களில், பிறகு எந்த உரம் இட்டாலும் அந்த ஒரு சாணை மீட்பதற்குப் பல்லாண்டுகள் ஆகும் என்பதை நிலம் உள்ளவர்கள் விலை பேசும் முன் எண்ணிப் பார்ப்பது நலம்.

மிளகுக்குப் பந்தல் வேண்டியதில்லை. உயிருள்ள மரமே அதன் பற்றுக்கோடு. முன்பு முருக்கு எனப்படும் முள்முருங்கையே பெருவழக்காக இருந்தது. விரைவில் வளரும், தழை உதிர்த்து மண்ணுக்கு உரமாகும். 2000-களின் நடுப்பகுதியில், தளிரையும் இலைக்காம்பையும் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் சிறு குளவி ஒன்று கேரளமெங்கும் முருக்கை அழித்தபோது, அதில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் சரிந்தன. ஒரே வகை மரத்தை நம்பியதன் விளைவு அது. இப்போது சீமைக்கொன்றை, பெருமரம், அயினி, பலா, தென்னை, கமுகு என்று பல மரங்களில் கொடியை ஏற்றுகிறார்கள். எல்லைக் கிராமங்களின் பல்மரப் புரையிடத்துக்கு அதுவே இயல்பானது. சொரசொரப்பான பட்டையும் ஆழ வேரும் உள்ள பலா இவற்றுள் சிறந்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்திலுள்ள அம்மச்சிப் பிலா எனும் பலா மரத்தின் பொந்தில்தான் பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்ட வர்மா பகைவரிடமிருந்து ஒளிந்து தப்பினார் என்பது மரபுச் செய்தி. அவரே பின்னர் 1740-களில் திருவிதாங்கூரின் மிளகு வாணிபத்தை அரசின் தனியுரிமையாக்கி, அந்த வருவாயைக் கொண்டு தம் நாட்டை நிலைநிறுத்தினார்.

நாற்றுக்குக் கொடியின் எந்தப் பகுதியையும் வெட்டி நட்டுவிட முடியாது. அடியிலிருந்து தரையோடு ஓடும் ஓடுகொடிகளே மரத்தில் ஏறும் கொடியாக வளரும். பக்கவாட்டில் நீட்டும் காய்க்கும் கிளைகளை நட்டால் அவை மேலே ஏறாமல் புதராக நின்றுவிடும். அந்தப் புதர்மிளகும் பயனற்றதன்று, ஐந்து சென்ட் நிலமே உள்ளவர்கள் அதைச் சட்டியில் வளர்க்கலாம். ஓடுகொடிகளைத் தரையில் வேரூன்ற விடாமல், நவம்பருக்குள் தாய்க்கொடியின் அடியில் நட்ட ஒரு குச்சியில் சுருட்டிக் கட்டி வைத்து, பிப்ரவரி, மார்ச்சில் வெட்டி, மிக இளசான நுனியையும் முற்றிய அடியையும் நீக்கி, இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாகப் பையில் நட்டு நிழலில் வைத்தால், மழை தொடங்கும்போது வேரோடு தயாராக இருக்கும். இரகத்தைப் பொறுத்தவரை, 1971-இல் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பன்னியூர்-1, உலகின் முதல் கலப்பின மிளகு என்ற பெருமையுடையது; ஆனால் அது வெயில் விழும் திறந்த இடத்தில்தான் நன்கு காய்க்கும். தென்னையும் பலாவும் அடர்ந்த புரையிடத்து நிழலுக்குக் கரிமுண்டாவும், தென்கேரளத்தின் பழைய இரகமான கொட்டநாடனும், பன்னியூர்-5-உம் ஏற்றவை. புகழ்பெற்ற இரகம் என்பதற்காகப் பன்னியூர்-1-ஐ நிழலில் நட்டுவிட்டு, இலை செழித்தும் காய் இல்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

நடவுக்கு ஊர்வழக்கில் கொண்டாடப்படும் நாட்கள் திருவாதிரை ஞாற்றுவேலை, அதாவது ஜூன் பிற்பாதியில் தொடங்கும் இரு வாரங்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் அந்நாட்களில் நட்டது எளிதில் பிடிக்கும். மரத்தின் வடபுறத்தில், ஓரடிக்குள் தள்ளி நட்டு, மண்ணை அணைத்து மேடாக்கி, புதுத்தளிர் பட்டையில் ஒட்டுவேர் விடும்வரை வாழைநாரால் தளர்த்தியாகக் கட்டிவிட வேண்டும். அதன்பின் உள்ள பராமரிப்பில் பெரும்பகுதி, செய்யாமல் இருக்க வேண்டியவற்றைப் பற்றியது. கொடியின் அடியில் மண்வெட்டி படக் கூடாது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு வேரும் நோய்க்குத் திறந்த வாசல். களையைக் கையால் அரிந்து அங்கேயே மூடாக்காகப் போட்டாலே போதும். கொடியின் தூரை ஒட்டி ஏத்தன் வாழை நடுவது இப்பகுதியில் சாதாரணம் என்றாலும், வாழை வேரைத் துளைக்கும் அதே நூற்புழு மிளகு வேரையும் துளைக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே தக்க இடைவெளி விட வேண்டும். இலை மெல்ல மஞ்சளித்து ஆண்டுக்கணக்கில் கொடி தேயும் மெதுவாடலுக்கு அந்த நூற்புழுவே முக்கியக் காரணம்.

இதைவிடக் கொடியது துரிதவாடல். ஃபைட்டோஃப்தோரா என்னும் நீரில் நீந்திப் பரவும் நுண்ணுயிர், தென்மேற்குப் பருவமழையின் உச்சத்தில் தூரைத் தாக்கினால், பச்சையாக நின்ற கொடி இரண்டு மூன்று வாரங்களுக்குள் இலையெல்லாம் உதிர்த்துக் காய்ந்துவிடும். வயநாட்டின் மிளகுச் செழிப்பு சரிந்ததில் இதன் பங்கு பெரிது. இதற்கு எதிராக இன்றும் முதன்மையாகப் பயன்படும் மருந்து, திராட்சைத் தோட்டத்திலிருந்தே மிளகுக்கு வந்தது. பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் திராட்சை பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்திருந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் அக்கொடிகளை அடிச்சாம்பல் நோயிலிருந்து காத்திருப்பதை, 1880-களின் தொடக்கத்தில் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். ஆய்ந்து 1885-இல் வெளியிட்டார். அந்தப் போர்டோக் கலவையை ஒரு சதவீத அளவில் தயாரிக்க, ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பை நீற்றி மற்றொரு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்கோ மண்ணோ ஆக இருக்க வேண்டும், இரும்பு ஆகாது. கலவை வான்நீல நிறத்துக்கு வந்ததும், துடைத்த கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்து எடுத்துப் பார்த்தால், அலகில் செம்பின் செம்மை படிந்திருக்குமானால் செம்பு இன்னும் தனித்திருக்கிறது என்று பொருள். அது படிவது நிற்கும்வரை சுண்ணாம்புப் பால் சேர்த்துக்கொண்டே வர வேண்டும், இல்லையேல் இலை கருகும். மழை பிடிக்கும் முன் ஒருமுறையும், நடுமழையின் இடைவெளியில் மறுமுறையும் தெளிப்பது வழக்கம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. பல தலைமுறைகளாகத் தெளித்த பிரெஞ்சுத் தோட்டங்களின் மண்ணில் செம்பு சேர்ந்துபோய், இப்போது அதற்கு ஐரோப்பாவில் உச்சவரம்பு வகுத்திருக்கிறார்கள். வேரைக் காக்கும் டிரைக்கோடெர்மா என்னும் நன்மைப் பூஞ்சையை இடுபவர்கள், அதற்கும் செம்பு மருந்துக்கும் இடையே சில வாரங்கள் விட வேண்டும். இல்லையேல் மருந்து அந்தப் பூஞ்சையையும் கொன்றுவிடும்.

திராட்சையின் வரலாற்றிலிருந்து இன்னொரு வழியும் மிளகுக்கு வந்தது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்த வேர்ப்பேன் அங்குள்ள தோட்டங்களை அழித்தபோது, அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரில் ஒட்டுக்கட்டியே அந்நாட்டுக் கொடிகள் மீண்டன. அதுபோலத் துரிதவாடலைத் தாங்கும் பைப்பர் கொலுப்ரினம் என்ற தென்னமெரிக்கச் செடியில் மிளகை ஒட்டுக்கட்டுகிறார்கள். ஆனால் அது சதுப்பில் வளர்ந்து பழகிய செடி. கோடையில் நீர் விட முடியாத மேட்டுப் புரையிடத்தில் அது வாடிவிடும். நெய்யாறு அணையின் கால்வாய் நீரோ கிணற்று நீரோ எட்டும் தாழ்நிலத்தில் மட்டும் அதை நடலாம். மற்ற இடங்களில், கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட தேவம், சக்தி போன்ற வாடலை ஓரளவு தாங்கும் இரகங்களை ஊர் இரகங்களோடு கலந்து நடுவதே தகும்.

இவ்வளவும் செய்தால் மூன்றாம் ஆண்டில் முதல் காய். ஏழு, எட்டாம் ஆண்டில் முழு விளைச்சல். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, உதிர்த்த மணியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துக் காயவைத்தால் சீரான கறுப்பு நிறம் கிடைக்கும். நூறு கிலோ பச்சை மிளகு ஏறத்தாழ 33 கிலோவாகச் சுருங்கும். அந்த அறுவடையின்போதே, தோட்டத்தில் தொடர்ந்து நன்றாகக் காய்த்து, வாடல் எட்டிப்பார்க்காமல் நிற்கும் நடுவயதுக் கொடிகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் இட்டு வைக்கும் வழக்கம் முதிய விவசாயிகளிடம் உண்டு. இறந்த கொடியை வேரோடு பெயர்த்து எரித்து, அந்தக் குழியைச் சுண்ணாம்பிட்டு வெயிலில் ஆறவிட்டபின், அதே மண்ணில் ஏற்கெனவே பிழைத்துக் காட்டிய அந்தத் தாய்க்கொடிகளின் ஓடுகொடிகளையே அடுத்த இடவப்பாதிக்கு அங்கே நடுகிறார்கள்.